அத்தியாயம் 6: மழை நாட்டில் சுவையுப்பு

மலையகத்தில் உப்பு விளைவதில்லை. அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு என்று வெயில் காயும் கரைகளில் விளைந்து, லொறியேறி, வளைவுகள் சுற்றி ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்து சேர்கிறது. வந்த பிறகும் அதற்கு இந்த ஊர் ஒத்துவருவதில்லை. மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத உப்புப் போத்தலைக் கவிழ்த்தால் எதுவும் கொட்டாது. கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சுவையுப்பு செய்து விற்கலாம் என்று ஒரு வழிகாட்டி நூல் சொன்னால், உப்பே இல்லாத, இருக்கிற உப்பும் கசிகிற ஊரில் உப்புத் தொழிலா என்று வாசகர் கேட்பது நியாயம்தான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த அத்தியாயம். தோட்டப்புறத்தில் சுவையுப்பு என்பது உலர்த்தும் தொழில். லீக்ஸையும் சலரியையும் கறிவேப்பிலையையும் கொச்சிக்காயையும் ஈரமில்லாமல் காயவைத்துத் தருவதற்கே வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். உப்பு அந்தச் சுவையைச் சமையலறைவரை சுமந்து செல்கிறது. இதை மனதில் வைத்துத் தொடங்குகிறவருக்கு எதை வாங்குவது, எதில் பணம் போடுவது, எதை விலக்குவது என்ற முடிவுகள் தெளிவாகிவிடும். உப்பை மையமாக வைத்துத் தொடங்குகிறவர் முதல் மழையிலேயே சிக்கிக்கொள்வார்.

மலைநாடுகளிலும் சுவையுப்பு செழித்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜோர்ஜியா நாட்டின் காக்கசஸ் மலைகளில் ஸ்வனேத்தி என்றொரு பகுதி இருக்கிறது. உப்பு அங்கே தூரத்திலிருந்து வரவேண்டிய பண்டமாக இருந்ததால், வெள்ளைப்பூடு, கொத்தமல்லி, வெந்தய இனத்துச் செடி, துலுக்கச் சாமந்திப்பூ முதலியவற்றை இடித்துச் சேர்த்து, குறைந்த உப்பில் நிறைந்த சுவையை எடுக்கும் வழக்கம் உண்டானது. இன்று ஸ்வனேத்தி உப்பு அந்த நாட்டின் அடையாளங்களில் ஒன்று. இந்தியாவின் உத்தராகண்ட் மலைகளில் பெண்கள் அம்மியில் அரைக்கும் ‘பிஸ்யூ லூண்’ என்ற அரைத்த உப்பும் இதே குடும்பம்தான். அதைச் சஷி பகுகுணா ரதூரி என்பவர் ‘நமக்வாலி’ என்ற பெயரில் போத்தலில் அடைத்து, மலைக்கிராமப் பெண்களின் கைவேலையை நகரங்களுக்குக் கொண்டுசென்றார். சுவிட்சர்லாந்தில் அல்பிரெட் வோகல் உருவாக்கிய ‘ஹெர்பமாரே’ என்ற மூலிகை உப்பின் சேர்மானத்தைப் படித்தால் நுவரெலியாச் சந்தையே நினைவுக்கு வரும்: சலரி, லீக்ஸ், பார்ஸ்லி, வெள்ளைப்பூடு. இந்த மூன்றிலும் தனித்தன்மை உப்பில் இல்லை. அந்த இடத்துக்கே உரியது உப்போடு சேரும் பச்சிலையும் அதைக் கையாளும் திறமையும்தான்.

இங்கே ஓர் எதிர்வாதம் உடனே எழும். வெள்ளைப்பூட்டுத் தூள், மிளகாய்த்தூள், மிளகுத்தூள் எல்லாம் கொழும்பு புறக்கோட்டையில் மூட்டையாகக் கிடைக்கின்றனவே. வாங்கி உப்போடு கலந்து பக்கெட் செய்தால் உலர்த்தும் சிரமமே இல்லையே? செய்யலாம்தான். ஆனால் அந்த வேலையைப் புறக்கோட்டைக்காரரே உங்களைவிட மலிவாகச் செய்வார். அவருக்குப் போக்குவரத்துச் செலவு இல்லை, சரக்கும் மொத்த விலையில் வருகிறது. வாங்கிக் கலப்பவருக்கு மலையில் இருப்பதால் ஒரு பயனும் இல்லை, நட்டம் மட்டுமே உண்டு. கந்தப்பளை, இராகலைப் பக்கத்தில் அறுத்த லீக்ஸ் அன்று மாலையே உங்கள் கைக்கு வரும், புறக்கோட்டைக்கு வராது. சந்தைக்கு அனுப்பும்போது வெட்டிக் கழிக்கும் சலரி இலை உங்களுக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. மரக்கறி விலை சரிந்து, கூலிக்கும் கட்டாமல் விவசாயி தவிக்கும் வாரங்களில் வாங்கி உலர்த்தி வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உங்களுக்குத்தான். கையிலிருக்கும் இந்த அனுகூலங்கள் எல்லாமே உலர்த்துகிறவருக்கு மட்டுமே பலிக்கும்.

அடுத்த எதிர்வாதம் கனமானது. ஆண்டின் பாதி நாட்கள் மழையும் பனிமூட்டமும் உள்ள இடத்தில் எதை எப்படி உலர்த்துவது? இதற்குப் பதில் சொல்லுமுன் உப்புக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் வீணாகும் சரக்கில் பெரும்பகுதி இதை அறியாததால்தான் வீணாகிறது. தூய உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே இருக்கும்வரை காய்ந்தே இருக்கும். சரியாகக் கழுவாத கட்டி உப்பில் மக்னீசியம் குளோரைட்டு கலந்திருக்கும். அது இன்னும் பொல்லாதது, 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கும் ஹட்டன் பக்கத்திலும் காற்றின் ஈரப்பதன் நாளின் பெரும்பகுதி 75ஐத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே, பச்சை இலையை உப்போடு அரைத்து, தட்டில் பரப்பி, முற்றத்தில் காயவைக்கும் முறை இங்கே தோற்றுப்போகும். உப்பேறிய இலை உலர்வதற்குப் பதிலாகக் காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். வீட்டுக்கு இரண்டு நாளைக்கு அரைத்து வைத்துக்கொள்ள அம்மி உப்பு அருமையானது. மூன்று மாதம் கடைத்தட்டில் நிற்க வேண்டிய போத்தலுக்கு அந்த வழி உதவாது. இலையை உப்பில்லாமல் தனியே முழுதாக உலர்த்தி, பிறகு உலர்ந்த உப்போடு கலந்து, கலந்த கையோடு காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

உலர்த்துவது இங்கே முடியாத காரியம் என்பவர்கள் தாங்கள் வாழும் இடத்தின் தொழிலையே மறந்துவிடுகிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டதிலிருந்து மலையகம் செய்துவருவது என்ன? நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் நீருள்ள கொழுந்தை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, சுமார் 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி உலகத்துக்கு அனுப்புவதுதான். தோட்டத்து ஸ்டோரில் வாட்டு அறையில் விசிறிக் காற்றும் உலர்த்தும் இயந்திரத்தில் சூடான காற்றும் செய்கிற வேலையைச் சிறிய அளவில் செய்வதே சுவையுப்புத் தொழில். வெயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காற்றைச் சூடாக்கினால் போதும். 18 பாகையில் 90 சதவீத ஈரப்பதனுள்ள காற்றை 55 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீரின் அளவு மாறாது. ஆனால் அந்தச் சூட்டில் காற்று ஏற்கக்கூடிய நீர் பலமடங்கு கூடுவதால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 12 சதவீதமாகக் குறைந்துவிடும். வெளியே பெய்கிற மழைக்கும் உலர்த்திக்குள் நடப்பதற்கும் பெரிய தொடர்பு இல்லாமல் போகிறது. வாட்டு அறையிலோ உலர்த்தும் இயந்திரத்திலோ வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் உங்கள் லயத்திலேயே இருக்கலாம். இலை எப்போது பதமாயிற்று என்பதைக் கையால் தொட்டுச் சொல்லும் அவருடைய அனுபவத்துக்கு இணையான பயிற்சி வகுப்பு எங்கும் இல்லை. அவரைத் தேடிப்பிடியுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். காசுக் கணக்குக்கு முன்னால் நீர்க் கணக்கு. மரக்கறிக்கு மரக்கறி நீர் மாறுபடும், அந்த வேறுபாடே உங்கள் இலாபத்தைத் தீர்மானிக்கும். சலரியில் 95 சதவீதம் நீர்; ஒரு கிலோவை உலர்த்தினால் கையில் நிற்பது 55 கிராம் அளவுதான். லீக்ஸில் ஏறத்தாழ 83 சதவீதம் நீர். கழுவி வெட்டிய ஒரு கிலோவுக்கு 185 கிராம் கிடைக்கும். வெள்ளைப்பூட்டில் நீர் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோவுக்கு 445 கிராம். இதைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கிலோ உலர்ந்த சலரிக்கு 17 கிலோவுக்கும் மேல் நீரை வெளியேற்ற வேண்டும், லீக்ஸுக்கு 4.4 கிலோ, வெள்ளைப்பூட்டுக்கு 1.25 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க இயற்கை விதிப்படி ஏறத்தாழ முக்கால் யூனிற்று மின்சாரம் வேண்டும். சிறிய உலர்த்திகளில் பாதிச் சூடு வீணாகும் என்பதால் ஒன்றரை யூனிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு கிலோ உலர்ந்த சலரிக்கு 26 யூனிற்று, லீக்ஸுக்கு 6 அல்லது 7, வெள்ளைப்பூட்டுக்கு 2. சலரியை முதன்மைச் சுவையாக வைத்து ஓர் உப்புச் செய்தால் மின்கட்டணம் உங்களை விழுங்கிவிடும். சிறு அளவில் மணத்துக்காகச் சேர்த்தால் தாங்கும். அமெரிக்காவில் சலரி உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் இலைக்குப் பதில் சலரி விதையை அரைத்துச் சேர்ப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். விதை ஏற்கெனவே காய்ந்திருக்கிறது.

ஒரு சேர்மானத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சுவையுப்புக்கு உப்பு 650 கிராம், உலர்ந்த லீக்ஸ் 150 கிராம், வெள்ளைப்பூடு 100 கிராம், மிளகு 50 கிராம், சலரி இலை 50 கிராம். இதற்கு வெட்டிய லீக்ஸ் 810 கிராம், தோலுரித்த பூடு 225 கிராம், சலரி 910 கிராம் தேவை. மிளகு மாத்தளையிலிருந்தோ கண்டியிலிருந்தோ காய்ந்தே வருகிறது. வெளியேற்ற வேண்டிய நீர் மொத்தம் 1.65 கிலோ, மின்சாரம் 2.5 யூனிற்றுக்குக் கிட்ட. இந்த ஒரு கிலோ, 50 கிராம் போத்தல் இருபதாகும். அதாவது ஒரு போத்தலுக்கு ஒரு யூனிற்றில் எட்டில் ஒரு பங்கு. மின்கட்டணம் எவ்வளவு ஏறினாலும் இது போத்தலின் விலையையோ மூடியின் விலையையோ தாண்டப்போவதில்லை. மலையில் உலர்த்துவது செலவு பிடித்த வேலை என்ற பொதுவான அச்சம், கணக்குப் போட்டுப் பார்த்தவுடன் கரைந்துபோகிறது. செலவு கூடுவது வேறிடத்தில்: லீக்ஸைக் கழுவி வெட்டுவதிலும் பூடு உரிப்பதிலும் ஆகும் கைநேரம். தோட்டங்களில் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வீட்டுப் பெண்களின் உழைப்பை நடப்பிலுள்ள நாட்சம்பளத்தைவிடக் குறைத்து மதிப்பிட்டு விலை போடாதீர்கள். உழைப்புக்குக் கூலி சேர்க்காமல் விலை போட்டால் சரக்கு விற்கும். ஆறு மாதத்தில் களைத்துப்போய் நிறுத்தவும் நேரும்.

விறகு மலிவாகக் கிடைக்கும்போது மின்சாரம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மிலாறும் சவுக்கு விறகும் சூட்டுக்கு நல்லவைதான். ஆனால் தீக்கு நேர்மேலே தட்டை வைத்தால் புகைவாடை ஏறும், அந்த வாடை எந்த மூலிகையையும் மூடிவிடும். புகை வேறு குழாயில் வெளியேறி, சூடு மட்டும் தட்டுக்கு வரும்படியான அடுப்பைக் கட்ட முடிந்தால் விறகு நல்ல வழி. முடியாவிட்டால் முதல் வருடத்துக்குச் சிறிய மின் உலர்த்தியே போதும்.

செய்முறையில் லீக்ஸ் கவனமாகப் பார்க்க வேண்டியது. அதன் மடல்களுக்கிடையே செம்மண் போய் ஒளிந்திருக்கும், மேலே கழுவினால் வெளிவராது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மடல் மடலாக விரித்து, ஓடும் நீரில் அலச வேண்டும். நுவரெலியா மரக்கறிக்கு மருந்து அதிகமாக அடிக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்ததே. உலர்த்தும்போது நீர்தான் போகும். மருந்தின் எச்சம் மிஞ்சினால் அது சுருங்கிய இலையில் செறிந்துபோகும். ஆகவே யாரிடம் வாங்குகிறீர்களோ அவர் கடைசியாக எப்போது மருந்து அடித்தார், அறுப்புக்கு முன் விட வேண்டிய நாட்களை விட்டாரா என்று கேட்டு, தெரிந்த ஒருவரிடமே தொடர்ந்து வாங்குங்கள். லீக்ஸை 3 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே சீராக வெட்டுங்கள். தடித்த துண்டும் மெல்லிய துண்டும் கலந்தால் ஒன்று கருகும்போது மற்றது ஈரமாக இருக்கும். லீக்ஸுக்கும் பூட்டுக்கும் 55 பாகை சரி. கறிவேப்பிலை, சலரி இலை போன்ற மணமுள்ளவற்றுக்கு 45 பாகையைத் தாண்டாதீர்கள், தாண்டினால் மணம் காற்றோடு போய்விடும், வைக்கோல் வாடைதான் மிஞ்சும். பதம் பார்க்கும்போது சூட்டோடு பார்க்கக் கூடாது. வெள்ளைப்பூடு சூட்டில் இருக்கும்போது வளையும், ஆறிய பிறகே முறியும். ஆறியபின் சட்டென்று முறிந்தால் காய்ந்தது. அதற்குப் பிறகும் உடனே அரைக்காமல், கண்ணாடிச் சாடியில் மூடி இரண்டு நாள் வையுங்கள். சாடியின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம் படிந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. மறுபடியும் உலர்த்தியில் போட வேண்டும்.

உலர்த்துவது கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். சல்மொனெல்லா போன்ற கிருமிகள் காய்ந்த மசாலாவில் மாதக்கணக்கில் தாங்கும். கை, கத்தி, தட்டு, தண்ணீர் ஆகியவற்றின் சுத்தம்தான் இங்கே பாதுகாப்பு. காய்ந்த மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடொக்சின் நஞ்சு அரைத்தாலும் சுட்டாலும் போகாது. ஆகவே கறுத்த, பூத்த மிளகாயை விலைக்குறைவு என்று வாங்கி அரைத்துவிடாதீர்கள். ஊர் மில்லில் கொடுத்து அரைப்பதும் வேண்டாம். அங்கே முன்னால் அரைத்த கறித்தூளின் எச்சம் உங்கள் உப்பில் கலக்கும்; சிறிய இயந்திரம் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததையும் உப்பையும் ஒரே அரிதட்டில் சலித்து, இரண்டையும் ஒரே பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் போத்தலைக் குலுக்கக் குலுக்க நுண்ணிய தூள் அடியில் இறங்கி, பருத்த உப்பு மேலே நிற்கும். முதல் வாரம் உப்புக் கரிக்கிறது என்றும் கடைசி வாரம் உப்பே இல்லை என்றும் ஒரே வாடிக்கையாளர் இரண்டு குறை சொல்வார். கலப்பதையும் அடைப்பதையும் உலர்த்தி ஓடும் அறையிலேயே, காற்று வரண்டிருக்கும்போதே முடியுங்கள். பொலித்தீன் பை ஈரத்தை முழுதாகத் தடுக்காது. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் அல்லது உள்ளே அலுமினியப் படலம் பூசிய பை நல்லது.

உப்பு வாங்குவதில் சட்டமும் வந்து சேர்கிறது. இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பு அயடீன் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்ற விதி 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. மழை மண்ணின் அயடீனைக் கரைத்துக்கொண்டு போகும் ஈரவலயத்தில் கழலை நோய் பரவலாக இருந்ததே இதற்குக் காரணம். மலையகமும் அந்த வலயத்தில் சேர்ந்ததுதான். இயற்கை உப்பு, பதப்படுத்தாத உப்பு என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்து அயடீனில்லாத உப்பை விற்பது சட்டத்துக்கும் புறம்பு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கேடு. நன்றாகக் கழுவிச் சுத்திகரித்த, அயடீன் சேர்த்த தூள் உப்பையே வாங்குங்கள். மக்னீசியம் குறைந்திருப்பதால் கசிவும் குறையும். அயடீனுக்கும் ஈரம் எதிரி என்பதால், காய்ந்த நிலையில் கலந்து உடனே அடைக்கும் முறை இதற்கும் உகந்தது. 2025இல் மழையால் உப்பளங்களில் விளைச்சல் குன்றி, நாடே இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகப் பாதைகளைத் துண்டித்தது. உப்பு மலிவான சரக்கு, கெட்டுப்போகாத சரக்கு. மூன்று மாதத்துக்குத் தேவையானதை நிலத்திலிருந்து உயர்த்திய பலகையில், மூடிய வாளிகளில் வைத்திருப்பது வீண் முதலீடு ஆகாது.

எல்லா எதிர்வாதங்களிலும் நேர்மையான பதிலை அதிகம் கேட்பது உடல்நலம் பற்றியது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உப்புக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம்மவர்கள் அதைவிட நிறையவே உண்கிறார்கள், இரத்த அழுத்தம் தோட்டங்களில் புதிய செய்தி அல்ல. அப்படியிருக்க இன்னோர் உப்பை விற்பது சரியா? சரி என்று சொல்ல ஒரு நிபந்தனை உண்டு. மேலே சொன்ன சேர்மானத்தில் உப்பு 65 சதவீதம்தான். வெறும் உப்புக்குப் பதிலாக அதே கரண்டி அளவில் இதைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உப்புக் குறையும். உப்போடு கூடுதலாக இதையும் போட்டால் நிலைமை மோசமாகும். ஆகவே ‘உப்புக்குப் பதிலாக’ என்ற இரண்டு சொற்கள் போத்தலில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், உப்பின் பங்கு எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும். உலர்ந்த மூலிகையின் பங்கைக் கூட்டக் கூட்ட உடலுக்கும் நல்லது, உங்கள் சரக்கின் தனித்தன்மையும் கூடும். உப்பை நிறைத்து எடையை ஏற்றும் ஆசை இரண்டையும் கெடுக்கும். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்புகளை உலகச் சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால், ஆய்வுகூட வசதியில்லாத சிறு தொழிலில் அதைத் தொடாமலிருப்பதே பொறுப்பான செயல். மருந்துபோல் விளம்பரம் செய்வதும் வேண்டாம்.

வாங்குவது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ரொட்டிக்குக் கட்டச் சம்பல் இடிக்கிற வீட்டில், அம்மி இருக்கிற வீட்டில், இதற்குக் காசு கொடுப்பார்களா? பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள், அவர்களை நம்பித் தொழிலைத் தொடங்கவும் கூடாது. அவர்களுடைய பிள்ளைகள்தான் வாடிக்கையாளர்கள். கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து, வாடகை அறையில் ஒரு அடுப்பை வைத்துச் சமைக்கும் இளைஞர்களிடம் அம்மி இல்லை. வீட்டுச் சுவை தெரிந்த நாக்கு இருக்கிறது. அவர்கள் இன்று வாங்குவது சூப் கட்டி. அதிலும் உப்புத்தான் முதன்மை. லீக்ஸும் பூடும் பெயருக்கு இருக்கும். அவித்த முட்டைக்கும் சோற்றுக்கும் பருப்புக்கும் தூவ ஒரு லீக்ஸ் உப்பு, வெட்டிய அன்னாசிக்கும் மாங்காய்க்கும் தொட்டுக்கொள்ள ஒரு கொச்சிக்காய்-தேசிக்காய் உப்பு என்று இரண்டே வகையோடு அவர்களிடம் போகலாம். பழத்துக்கு உப்பும் மிளகாயும் தூவித் தின்பது இந்த நாட்டின் எல்லா இனத்தாரும் அறிந்த சுவை. விளக்கம் சொல்லி விற்கத் தேவையில்லாத பண்டம் இது. தேசிக்காய்த் தோலைச் சீவும்போது பச்சைப் பகுதியை மட்டும் எடுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களில் பலர் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகவே செல்கிறார்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலச் சனக்கூட்டம். உல்லாசப் பயணிகளுக்கான அலங்காரப் பொதி இந்த மாதங்களில் கைகொடுக்கும், ஆனால் அதை உபரி வருமானமாகவே கருதுங்கள். 2019க்குப் பிறகு சில ஆண்டுகள் பயணிகள் வரவு வெகுவாகக் குறைந்துபோனதை இந்த ஊர்கள் பட்டறிந்திருக்கின்றன.

கடைசியாக, இடம். 10க்கு 12 அடி லயக் காம்பிராவில், அடுப்புப் புகைக்கு நடுவே, உணவுப் பண்டம் உற்பத்தி செய்ய 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒப்புக்கொள்ள வாய்ப்பில்லை. வீடு இருக்கும் காணி தோட்டத்தின் பொறுப்பில் இருப்பதால் முகவரிச் சான்று, வங்கிக் கடன் இரண்டிலும் இடறல் வரும். தனியொருவராக இந்தச் சுவரில் மோதுவதைவிட, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, கொட்டகலையிலோ ஹட்டனிலோ நோர்வூட்டிலோ சிமெந்துத் தரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அந்த முகவரியில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதே நடைமுறைக்கு ஏற்றது. கழுவுவதும் வெட்டுவதும் முதல் உலர்த்தி அடைப்பது வரை எல்லாம் அந்த அறைக்குள்ளேயே நடக்கட்டும். இயந்திரம் வாங்குமுன்பே பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். உங்கள் பண்டம் உப்பாகக் கருதப்படுமா, மசாலாக் கலவையாகக் கருதப்படுமா என்பதை அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அயடீன் அளவும் லேபலில் எந்தெந்த மொழியில் என்ன அச்சிட வேண்டும் என்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும். உங்கள் பிரதேசத்து விதாத்தா வள நிலையத்திலும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையிலும் உணவு பதப்படுத்தல் பயிற்சி கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கையும் இதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். திம்புள, டிக்கோயாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட காற்று வீசும் காலத்தில்தான் மிகச் சிறந்த தேயிலை கிடைக்கிறது. அந்தக் காலத்தில் மரக்கறியை உலர்த்தி, அரைக்காமல் துண்டுகளாகவே சாடிகளில் இறுக மூடிச் சேமியுங்கள். முழுத் துண்டு தூளைவிட மணத்தையும் வரட்சியையும் நீண்டநாள் காக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, விற்பனைக்குத் தேவையான அளவு மட்டும் அவ்வப்போது அரைத்துக் கலந்து அடையுங்கள். ஒவ்வொரு தடவை அடைத்ததிலும் இரண்டு போத்தலில் இலக்கமும் திகதியும் எழுதி, ஒன்றை அறையிலும் மற்றொன்றைச் சாதாரணச் சமையலறை ஒன்றிலும் வையுங்கள். ஓகஸ்ட் மாதத்தில் இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். சமையலறைப் போத்தல் தடையில்லாமல் கொட்டினால் உங்கள் மூடியும் உலர்த்தலும் சரி. கட்டிபட்டிருந்தால், புதிய வகை ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் மூடியை மாற்றுங்கள்.